கடல் தண்ணி மட்டும் கட்டம் கட்டமா உடையுது: எடிட் பண்ண வீடியோவை தரம் கெடாம வெளிய எடுக்க வழி சொல்லுங்க

காசிமேட்டுக்காரன்

வணக்கம். எங்க தெரு ஆடித் திருவிழால போட்டுக் காட்ட 40 நிமிஷப் படம் ஒண்ணு எடிட் பண்ணிக்கிட்டு இருக்கேன். தாத்தா காலத்துக் கட்டுமரத்துல ஆரம்பிச்சு இப்போ ஓடுற ஃபைபர் போட், விசைப்படகு வரைக்கும் எங்க ஆளுங்க கடலுக்குப் போய் வர்ற கதை. விடியக்காலை ஏலம், வலை சரி பண்றது, பாட்டிங்க பேட்டி எல்லாம் இருக்கு. தெருவுல எல்இடி ஸ்கிரீன்ல போடணும், அப்புறம் யூடியூப்ல ஏத்தணும், கப்பல் வேலைக்குப் போயிருக்கிற எங்க பசங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும்.

டைம்லைன்ல ஓட்டும்போது அலையும் நுரையும் பளிச்சுனு இருக்கு. எக்ஸ்போர்ட் பண்ணிப் பாத்தா தண்ணி மட்டும் சதுரம் சதுரமா உடையுது. நுரை இருந்த இடத்துல சாம்பல் கலர் பூச்சுதான் மிச்சம். பேட்டில முகமெல்லாம் நல்லாதான் இருக்கு. கேமரா பக்கவாட்டுல நகர்ற ஷாட் எல்லாம் தட்டித் தட்டிப் போகுது.

கேமரா புட்டேஜ் 1080, நொடிக்கு 50 பிரேம், ஹெச்.264-ங்கிற சுருக்க முறை, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்). போட்ல போன பசங்க போன்ல எடுத்தது கொஞ்சம். அப்புறம் மாமா 2003-ல ஹேண்டிகேம்ல எடுத்த மினிடிவி கேசட், அதை ஒரு கடையில டிவிடியா மாத்திக் குடுத்தாங்க. சுனாமிக்கு முன்னாடி எங்க கரை எப்படி இருந்துச்சுன்னு காட்ட எங்க கிட்ட இருக்கிறது அது மட்டும்தான்.

வேலை முறை இதுதான்: ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா யூடியூப் 1080 ப்ரீசெட்ல (மென்பொருள்ல தயாரா இருக்கிற செட்டிங்) எக்ஸ்போர்ட் பண்றேன். அந்த எம்பி4 எல்லாத்தையும் புது டைம்லைன்ல சேத்து, டைட்டில் போட்டு, மறுபடி எக்ஸ்போர்ட். சைஸ் 2 ஜிபிக்குள்ள வரணும்னு கடைசியா ஹேண்ட்பிரேக் மென்பொருள்ல போட்டுச் சுருக்குறேன். இதுல எங்க போகுது தரம்?

கொருக்குப்பேட்டை கேட்

எக்ஸ்போர்ட்ல பிட்ரேட்டை (ஒரு நொடி படத்துக்குச் செலவாகிற டேட்டா) 100 எம்பிபிஎஸ் வை தலைவா. உன் ப்ரீசெட் 8-ல நின்னா கடல் எப்படி நிக்கும்? வேலை முடிஞ்சுது.

தண்டை எடிட் டேபிள்

100 வைக்கச் சொல்றது சரி, ஆனா எந்த எக்ஸ்போர்ட்ல? கடைசில மட்டும் ஏத்தினா ஒண்ணும் ஆகாது.

தம்பி, உங்க வேலை முறையை வரிசையா பாருங்க. கேமரா பதிவு பண்ணும்போதே படம் ஒரு தடவை சுருங்கிடுச்சு. பகுதி பகுதியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ரெண்டாவது தடவை, சேத்து எடுக்கும்போது மூணாவது, ஹேண்ட்பிரேக்ல நாலாவது. ஒவ்வொரு தடவையும் ஹெச்.264 கண்ணுக்குத் தெரியாதுன்னு கணக்குப் போட்ட விவரத்தைத் தூக்கிப் போடும். அடுத்து வர்ற என்கோடருக்கு (படத்தைச் சுருக்குற மென்பொருள்) எது நெசமான நுரை, எது முன்னாடி சுருக்கினதுல வந்த கட்டம்னு தெரியாது. கட்டத்தோட ஓரத்தையும் படம்னு நெனச்சு அதுக்கும் பிட் செலவு பண்ணும். உங்க ஊர்க் கணக்குல சொன்னா, ஐஸ் விட்டுப் போன மீனு மேல எத்தனை பெட்டி ஐஸ் கொட்டினாலும் அது விடியக்காலை மீனா ஆகாது. நாலாவது தடவை 100 எம்பிபிஎஸ் வைக்கிறது அந்த ஐஸ்தான். பைல் பெருசாகும், நுரை திரும்பி வராது.

முகம் நல்லா இருக்கு, தண்ணி மட்டும் உடையுதுன்னு சொன்னீங்க இல்ல, அதுலயே காரணம் இருக்கு. என்கோடர் ஒவ்வொரு பிரேமையும் முழுசா எழுதாது. முந்தின பிரேம்ல இருந்த துண்டு இப்போ எங்க நகர்ந்திருக்குன்னு தேடி, அந்த நகர்வையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் எழுதும். பாட்டி உக்காந்து பேசுற ஷாட்ல பின்னாடி சுவர் அசையாம நிக்குது, அதுக்குப் பிட்டே தேவையில்ல. அலை நுரை, கொட்டுற மழை, ஏலத்துல தரையில சரியுற மத்தி மீனோட மினுக்கம், இதுல எல்லாம் முந்தின பிரேம்ல இருந்த எதுவும் அடுத்ததுல அதே மாதிரி இருக்காது. அதனால பிட் வெறி புடிச்சுத் தின்னும். குடுத்த பிட்ரேட் போதலைன்னா, நுணுக்கத்தை விட்டுட்டு கட்டத்தை மொத்தமா ஒரே கலரா பூசிடும். நீங்க பாத்த சாம்பல் பூச்சு அதுதான்.

இன்னொண்ணு. யூடியூப் தன் உதவிப் பக்கத்துல 1080-க்கு 8 எம்பிபிஎஸ்னு சொல்றது 24, 25, 30 பிரேமுக்கு. 50, 60 பிரேமுக்கு 12. உங்க 50 பிரேம் கடலை 8-க்குள்ள அடைச்சிருந்தா, ஒவ்வொரு பிரேமுக்கும் கெடைச்சது பாதிதான்.

காசிமேட்டுக்காரன்

அக்கா, பைல் விவரம் காட்டுற மீடியாஇன்ஃபோ மென்பொருள்ல போட்டுப் பாத்தேன். பகுதி பைல் எல்லாமே 8 எம்பிபிஎஸ் பக்கத்துலதான் இருக்கு. ஆனா கடைசி பைல்ல பிரேம் ரேட் 30-னு காட்டுது. நான் எங்கயும் 30 வைக்கவே இல்ல.

பெரம்பூர் லோகோ

அது ஹேண்ட்பிரேக். திறந்த உடனே நிக்கிற ப்ரீசெட் பேரைப் பாருங்க, ஃபாஸ்ட் 1080பி30. பேர்லயே 30 இருக்கு. 30-க்கு மேல வர்ற பிரேமை உதிர்த்துடும். 50-ல இருந்து 30 சமமா வராது, சில இடத்துல ஒண்ணு விட்டு ஒண்ணு, சில இடத்துல அடுத்தடுத்து ரெண்டும் நிக்கும். பக்கவாட்டுல நகர்ற ஷாட் தட்டுறது அதனாலதான். நான் ரயில் வீடியோ எடுக்கிறவன். வியாசர்பாடி ஜீவா பக்கம் எக்ஸ்பிரஸ் தாண்டும்போது இந்தத் தட்டல் ஒரு தடவை விழுந்தா அந்த ஷாட்டே வீண். வீடியோ டேப்ல பிரேம் ரேட் 'சோர்ஸ் மாதிரியே', கூடவே 'கான்ஸ்டன்ட்'னு மாத்துங்க.

அதை விட, ஹேண்ட்பிரேக் உங்களுக்கு எதுக்கு? எடிட்டிங் மென்பொருள்லயே எல்லாத்தையும் முடிக்கலாம்.

பழைய வண்ணை எடிட்டர்

தம்பி, தண்டை எடிட் டேபிள் சொன்னது அத்தனையும் சரி. வேலையை எப்படி மாற்றி அமைப்பது என்று நான் சொல்கிறேன். கல்யாண வீடியோ கேசட்டில் போன காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். அப்போது மாஸ்டர் கேசட்டிலிருந்து காப்பி, காப்பியிலிருந்து காப்பி என்று போனால் கலர் வழிந்து சேலை எந்த நிறம் என்றே தெரியாது. அதனால் மாஸ்டரைப் பூட்டி வைப்போம். டிஜிட்டல் வந்ததும் காப்பி எடுத்தால் தரம் போகாது என்ற நல்ல செய்தி வந்தது. அது பைலை அப்படியே காப்பி பண்ணுவதற்கு மட்டும்தான் பொருந்தும். எக்ஸ்போர்ட் என்பது காப்பி இல்லை, புதிதாகச் சுருக்குவது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நிறைய நல்ல புட்டேஜ் வீணாகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனசு வலிக்கிறது.

நீ செய்ய வேண்டியது: பகுதிகளைத் தனியாக எக்ஸ்போர்ட் பண்ணவே கூடாது. ஒவ்வொரு பகுதியும் ஒரு சீக்வென்ஸ், அதாவது ஒரு தனி டைம்லைன். அந்த சீக்வென்ஸ்களையே முழுப்பட டைம்லைனில் கொண்டு வந்து வரிசையாக வை. எடிட்டிங் மென்பொருள் பிரீமியர் என்றால் அதற்குப் பெயர் நெஸ்ட், ரிசால்வ் என்றால் டைம்லைனுக்குள் டைம்லைன். கேமரா பைலிலிருந்து கடைசி பைல் வரை நடுவில் வேறு எந்தச் சுருக்கமும் இருக்காது.

முழுப்படத்தை முதலில் மாஸ்டராக எடு. மேக் என்றால் புரோரெஸ் 422, விண்டோஸ் என்றால் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ. இரண்டுமே லேசாக மட்டும் சுருக்கும் கோடெக் (சுருக்க முறை). பிறகு எல்இடிக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, மூன்றையும் அந்த மாஸ்டரிலிருந்தே எடு. ஒன்றிலிருந்து இன்னொன்றை எடுக்காதே.

கொருக்குப்பேட்டை கேட்

புரோரெஸ்னா எவ்ளோ சைஸ் வரும்ணா? பையன் ஹார்ட் டிஸ்க் தாங்குமா?

பழைய வண்ணை எடிட்டர்

1080-இல் 25 பிரேமுக்கு புரோரெஸ் 422 நொடிக்கு 122 மெகாபிட். 50 பிரேமுக்கு 245. 8-ஆல் வகுத்து 40 நிமிடத்துக்குப் பெருக்கினால் 73 ஜிபி பக்கம். பெரியதுதான். ஆனால் இதில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக எழுதப்படுகிறது, முந்தின பிரேமை நம்பி இல்லை. அலைக்காட்சியில் அதனால்தான் உடையாது.

பெரம்பூர் லோகோ

இதுல எனக்கு மாற்றுக் கருத்து இருக்கு ஐயா. கேமரா பைலே 50 எம்பிபிஎஸ், 8 பிட் (ஒரு நிறத்துக்கு 256 படிதான்). அதை 245-க்கு எழுதுறதால புதுசா ஒண்ணும் சேரப் போறது இல்ல. டைம்லைன்ல இருந்தே நேரா மூணு எக்ஸ்போர்ட் எடுத்தா நடுவுல இந்த ஒரு சுருக்கமும் மிச்சம், 73 ஜிபியும் மிச்சம். ரிசால்வ்ல மூணையும் ரெண்டர் வரிசையில போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம்.

பழைய வண்ணை எடிட்டர்

கணக்காகப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி, டைம்லைனிலிருந்து நேராக எடுப்பதுதான் மிகக் குறைந்த இழப்பு. ஆனால் அடுத்த வருஷம் இந்தப் படத்தை யாராவது கேட்டால்? மென்பொருள் பதிப்பு மாறியிருக்கும், ஒரு பிளக்-இன் காணாமல் போயிருக்கும், போன் புட்டேஜ் இருந்த போல்டரை யாரோ அழித்திருப்பார்கள். அப்போது கையில் இருக்கப் போவது யூடியூபிலிருந்து இறக்கிய பைல். ஒரு தெருவின் நினைவு இது. மாஸ்டர் அவசியம் வேண்டும். புரோரெஸுக்கு மாற்றியதால் வரும் இழப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, எனக்கு அதில் பயமில்லை.

தண்டை எடிட் டேபிள்

நானும் ஐயா பக்கம்தான். மூணு பைலையும் டைம்லைன்ல இருந்து நேரா எடுக்கட்டும், மாஸ்டரையும் தனியா எடுத்து வைக்கட்டும். இன்னைக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல 73 ஜிபி பெரிய இடம் இல்ல.

எக்ஸ்போர்ட் விண்டோல பாக்க வேண்டியது ரெண்டு. எடிட் பண்ண ப்ராக்ஸி (அசலுக்குப் பதிலா வைக்கிற சின்ன சைஸ் காப்பி) போட்டிருந்தா, எக்ஸ்போர்ட் அசல் பைல்ல இருந்துதான் போகுதான்னு உறுதி பண்ணுங்க. பிரீமியர்ல 'யூஸ் ப்ரிவியூஸ்' டிக் இருந்தா எடுத்துடுங்க, ப்ரிவியூ பைல் மட்டமான கோடெக்ல இருந்தா அந்த மட்டமே கடைசி வரைக்கும் வரும்.

காசிமேட்டுக்காரன்

ப்ராக்ஸி போடல அக்கா. பகுதிகளை சீக்வென்ஸாவே சேத்துட்டேன். இப்போ யூடியூபுக்கு எவ்வளவு வைக்கட்டும்? விபிஆர் (ஏறி இறங்குற பிட்ரேட்) ரெண்டு பாஸா, அதாவது ரெண்டு தடவை ஓட்டிச் சுருக்கறதா, இல்ல தர எண் குடுக்கிற சிஆர்எஃப்பா?

தண்டை எடிட் டேபிள்

சைஸ் இவ்வளவுக்குள்ள வரணும்னா ரெண்டு பாஸ். தரம் இப்படி இருக்கணும், சைஸ் எவ்வளவு வந்தாலும் சரின்னா சிஆர்எஃப். எக்ஸ்264-ங்கிற ஹெச்.264 என்கோடர்ல சிஆர்எஃப் 23 தானா நிக்கிற அளவு, எண் குறையக் குறைய தரம் ஏறும். 18 வச்சா அசலுக்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். உங்க கடலுக்கு நான் 16 வைப்பேன். சிஆர்எஃப்ல ஒரு நல்லது, பாட்டி பேட்டில பிட்ரேட் தானா இறங்கும், அலை வந்தா தானா ஏறும். நீங்க காவல் இருக்கத் தேவையில்ல.

எடிட்டிங் மென்பொருள்ல சிஆர்எஃப் இல்லைன்னா விபிஆர்ல 50 எம்பிபிஎஸ் வைங்க. 40 நிமிஷத்துக்கு 15 ஜிபி. யூடியூப் எப்படியும் தன் பங்குக்குத் திரும்பச் சுருக்கும், அதைத் தடுக்க நம்ம கிட்ட வழி இல்ல. அதுக்கு நல்ல பைலா குடுக்கிறது மட்டும்தான் நம்ம கையில. ஏத்துறதுக்குன்னு 2160-க்கு (4கே) பெருசாக்கி எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க. பெரிய அளவு வீடியோவுக்கு யூடியூப் பெரும்பாலும் விபி9 கோடெக்கும் கூடுதல் பிட்ரேட்டும் குடுக்குது. தண்ணி, புல்லு, மழை மாதிரி காட்சில அது பளிச்சுனு தெரியும்.

கொருக்குப்பேட்டை கேட்

கிராபிக்ஸ் கார்டுல ரெண்டர் பண்ணா தரம் குறையும்னு சொல்றாங்களே?

தண்டை எடிட் டேபிள்

8, 10 எம்பிபிஎஸ்ல குறையும், அதே சைஸுக்கு எக்ஸ்264 ஸ்லோ ப்ரீசெட் நல்லா நிக்கும். 50-க்கு மேல போனா கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப் பைலை மட்டும் சீபியூல விடுங்க, அதுலதான் ஒவ்வொரு பிட்டும் முக்கியம்.

எண்ணூர் கழிமுகம்

போன் புட்டேஜ் பத்தி யாரும் பேசலையே. நான் எண்ணூர் முகத்துவாரத்துல கூழைக்கடா, நீர்க்காகம் எடுக்கிறவன், பாதி போன்லதான். போன் நிலையான பிரேம் ரேட்ல பதிவு பண்ணாது. வெளிச்சம் குறைஞ்சா, சூடானா, நொடிக்கு 30-ங்கிறது 27, 24-னு இறங்கி ஏறும். அப்படியே டைம்லைன்ல போட்டா நீளமான ஷாட்ல வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு விலகும். எடிட்டுக்கு முன்னாடியே நிலையான பிரேம் ரேட்டுக்கு மாத்திடுங்க, அதையும் புரோரெஸ் இல்லைன்னா டிஎன்எக்ஸ்ஹெச்ஆருக்கு மாத்துங்க, ஹெச்.264-க்கு வேண்டாம்.

ஐபோன் 12-ல இருந்து எச்டிஆர்ல (வெளிச்ச வீச்சு கூடுதலா இருக்கிற முறை) எடுக்கிற வசதி முதல்லயே ஆன்ல இருக்கும். அந்த க்ளிப்பை 709-ங்கிற சாதாரண எச்டி கலர் முறை டைம்லைன்ல போட்டா வானம் வெள்ளையா வெடிச்சு நிக்கும், இல்லைன்னா மொத்தமா வெளுத்துத் தெரியும். கான்ட்ராஸ்ட் ஏத்திச் சரி பண்ண முயற்சி பண்ணாதீங்க. க்ளிப்போட கலர் முறை '2020 எச்எல்ஜி'ன்னு மென்பொருளுக்குச் சொல்லி, டோன் மேப்பிங் (அந்த வெளிச்சத்தைச் சாதாரண அளவுக்கு அடக்குறது) போட விடுங்க.

வாட்ஸ்அப்ல வந்த க்ளிப் இருந்தா தூக்கி ஓரமா வைங்க. எடுத்தவன் போன்ல அசல் இன்னும் இருக்கும், கேபிள் போட்டு வாங்குங்க.

காசிமேட்டுக்காரன்

பசங்க கிட்ட கேட்டேன் அண்ணா, நெறைய பேரு கிட்ட அசல் இருக்கு. ஏலக் கூடத்துல எடுத்த போன் க்ளிப்ல மட்டும் டியூப் லைட்டு பட்டை பட்டையா ஓடுது. அது எக்ஸ்போர்ட்லயா வருது?

எண்ணூர் கழிமுகம்

இல்ல, எடுக்கும்போதே பதிஞ்சது. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வச்ச டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். போன் தானா 1/60-க்கோ வேற வேகத்துக்கோ ஷட்டரை வச்சா ரெண்டும் ஒத்துப் போகாம பட்டை ஓடும். அடுத்த தடவை ஷட்டரை 1/50 இல்லைன்னா 1/100-ல நிறுத்திட்டு எடுங்க. இருக்கிறதுக்கு ரிசால்வ் ஸ்டூடியோல டீஃப்ளிக்கர் இருக்கு, ஓரளவு அடங்கும்.

கொடுங்கையூர் எல்இடி

தம்பி, நான் எல்இடி வால் கட்டுறவன். திருவிழா, கட்சி மீட்டிங், காதுகுத்துன்னு வடசென்னை முழுக்க ஓடுது. ஸ்கிரீன் அளவு என்ன சொன்னாங்க?

காசிமேட்டுக்காரன்

10 அடிக்கு ஆறரை அடின்னு சொன்னாங்க அண்ணா. பி3.91-னு (புள்ளிக்குப் புள்ளி 3.91 மி.மீ.) எழுதிக் குடுத்தாங்க.

கொடுங்கையூர் எல்இடி

அப்போ 3 மீட்டருக்கு 2 மீட்டர். அரை மீட்டர் சதுர பேனல், ஒரு பேனல்ல 128-க்கு 128 புள்ளி. குறுக்க 6, நெடுக்க 4 பேனல். மொத்த ஸ்கிரீனே 768-க்கு 512 புள்ளிதான். நீ 4கே குடுத்தாலும் 1080 குடுத்தாலும் கடைசில அந்த 768-லதான் நிக்கும். அதனால எல்இடிக்கு 1080 ஹெச்.264, 20 எம்பிபிஎஸ் தாராளம். ஆப்பரேட்டர் லேப்டாப் திக்காம ஓட்டணும், அதுதான் அங்க தரம். 73 ஜிபி பைலைத் தூக்கிட்டு வந்து நிக்காத.

நீ பாக்க வேண்டியது எழுத்து. 768 புள்ளிக்குள்ள சின்ன எழுத்து போட்டா மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி காணாம போயிடும். செத்தவங்க பேரு, போட் பேரு எல்லாம் போடுவ. பேரு தப்பா தெரிஞ்சா அந்தக் குடும்பத்துக்கு மனசு கஷ்டம். பெரிய எழுத்தா, தடிச்ச எழுத்தா போடு. அம்மன் விழான்னு கருப்பு மேல ரத்தச் சிவப்புல எழுத்து போடாத, ஓரமெல்லாம் கலங்கும்.

தண்டை எடிட் டேபிள்

சிவப்பு பத்தி அண்ணன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 4:2:0-ங்கிற முறையில வெளிச்சம் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் பதியும், கலர் மட்டும் நாலு பிக்ஸலுக்கு ஒண்ணுதான். வெள்ளை எழுத்துக்கு ஓரத்தை வெளிச்சமே காட்டிடும். கருப்பு மேல சிவப்புன்னா வெளிச்ச வித்தியாசம் கம்மி, கலரை நம்பித்தான் எழுத்து நிக்கணும், அந்தக் கலர் கால்வாசிதான் இருக்கு. பிட்ரேட் ஏத்தினாலும் சரியாகாது. மஞ்சள் இல்லைன்னா வெள்ளை எழுத்துக்குப் போயிடுங்க.

விடியல் ஷாட்ல வானம் படி படியா பட்டை விழுதான்னும் பாருங்க. நம்ம கரையில சூரியன் கடல்ல இருந்து நேரா எழும்புது, ஆரஞ்சுல இருந்து நீலத்துக்கு மெதுவா மாறுற அந்த இடத்துக்கு 8 பிட் போதாது. கலர் சரி பண்ற கிரேடிங்ல கொஞ்சம் கிரெய்ன் (பொடிப் பொடி மணல் மாதிரி) சேத்தா பட்டை கரையும். மாஸ்டர் 10 பிட் புரோரெஸ்ங்கிறதால அது அப்படியே தங்கும்.

காசிமேட்டுக்காரன்

புது எக்ஸ்போர்ட் பாத்தேன். நுரை நுரையாவே இருக்கு! போட் முகப்புல தெறிக்கிற துளி ஒண்ணொண்ணா தெரியுது. ரொம்ப நன்றி. எவ்வளவு இழப்புன்னு அளந்து பாக்க வழி இருக்கா, இல்ல கண்ணாலதான் பாக்கணுமா?

தண்டை எடிட் டேபிள்

சுலபமான வழி: எக்ஸ்போர்ட் பண்ண பைலை டைம்லைன்ல அசலுக்கு மேல அதே இடத்துல வச்சு, பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்'னு மாத்துங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா திரை கருப்பு. எங்க வித்தியாசமோ அங்க மட்டும் மங்கலா உருவம் தெரியும். இருட்டான இடமும் ரொம்ப வெளிச்சமான இடமும் மொத்தமா சாம்பலா வந்தா அது சுருக்கத்தால இல்ல, கலர் ரேஞ்ச் (கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் உள்ள எண் வரம்பு) 16-235, 0-255 குழப்பம். எண்ணாவே வேணும்னா நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட விமாஃப்-ங்கிற தர அளவுகோல் இருக்கு, எஃப்எஃப்எம்பெக்-ங்கிற இலவச மென்பொருள்ல ஓட்டலாம், 100-க்கு எத்தனைன்னு குடுக்கும். ஆனா நான் அலை ஷாட்டை நிறுத்தி நிறுத்தி கண்ணால பாக்கிறதைத்தான் நம்புவேன்.

பெரம்பூர் லோகோ

வாட்ஸ்அப்: வீடியோவா அனுப்பாதீங்க, 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க. 2 ஜிபி வரை பைல் அப்படியே போகும், கை வைக்காது. 40 நிமிஷம் 2 ஜிபிக்குள்ள வர மொத்தம் 6.5 எம்பிபிஎஸ் கிட்ட. இங்கதான் ரெண்டு பாஸ். 1080-ஐ விட 720-க்கு இறக்குங்க, அதே பிட்ரேட்ல கடல் உடையாம நிக்கும். கப்பல்ல இன்டர்நெட் காசு கொடுத்துப் பாக்கிற பசங்களுக்கு 2 ஜிபியே அதிகம், 10 நிமிஷம் தனியா வெட்டி அனுப்புங்க. பைல் ரெடியான பிறகு வெட்டணும்னா லாஸ்லெஸ்கட் மென்பொருள் இருக்கு, திரும்பச் சுருக்காம கீஃப்ரேம்ல (முழுசா எழுதின பிரேம்) வெட்டும்.

பழைய வண்ணை எடிட்டர்

எல்லாரும் புது புட்டேஜையே பேசிவிட்டோம். எனக்கு அந்த 2003 கேசட்தான் நெஞ்சில் நிற்கிறது. டிவிடியில் எப்படித் தெரிகிறது தம்பி? ஆள் நடந்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு வருகிறதா?

காசிமேட்டுக்காரன்

ஆமா ஐயா. கோடு கோடா வருது. அலை முன்னும் பின்னும் துடிக்கிற மாதிரியும் சில இடத்துல இருக்கு. கலரும் ஒரு மாதிரி, முகமெல்லாம் செவந்து தெரியுது.

பழைய வண்ணை எடிட்டர்

மினிடிவி, நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 720-க்கு 576, நொடிக்கு 50 பாதிப்படம். ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். மினிடிவியில் கீழ் வரி முதலில், டிவிடியில் பெரும்பாலும் மேல் வரி முதலில். மாற்றும்போது அந்த வரிசை தலைகீழானால் அலை முன்னும் பின்னும் துடிக்கும். முகம் சிவப்பது, பழைய டிவியின் 601 கலர் கணக்கை 709 என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதால் இருக்கலாம்.

டிவிடியை வைத்துச் சரி பண்ணாதே. கேசட்டுக்குத் திரும்பு. கேசட்டில் வீடியோ நொடிக்கு 25 மெகாபிட். டிவிடியின் உச்ச வரம்பே 9.8, ஒரு டிஸ்க்கில் 2 மணி நேரம் ஏற்றியிருந்தால் 5 மெகாபிட்தான் தேறும். கேமராவிலிருந்து கணினிக்கு டிஜிட்டலாகவே கொண்டு போகும் ஃபயர்வயர் வயர் வழியாக எடுத்தால் கேசட்டில் இருக்கும் எண்களே அப்படியே பைலாக வரும், புதிதாகச் சுருக்கமே கிடையாது. மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் யுஎஸ்பி குச்சி வைத்து எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல். அது டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குவது. ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றும் வயர் என்று மலிவாக விற்பதும் வேலை செய்யாது.

பைல் வந்ததும் டீஇன்டர்லேஸ் (பாதிப்படங்களை முழுப்படமாக்குவது) பண்ணும்போது 25 பிரேமாகக் குறைக்காதே. 50 பாதிப்படத்தையும் 50 முழுப்படமாக விரி. எஃப்எஃப்எம்பெக்கில் அதற்கு பிடபிள்யூடிஃப் என்ற ஃபில்டர், பொறுமை இருந்தால் க்யூடிஜிஎம்சி. உன் டைம்லைனும் 50 என்பதால் அன்றைய அலையும் இன்றைய அலையும் ஒரே ஓட்டத்தில் போகும். 4:3 படத்தை இழுத்து அகலமாக்காதே, 1440-க்கு 1080 என்று நடுவில் வை. பக்கத்தில் கருப்பு இருக்கட்டும்.

கேசட்டும் அந்த ஹேண்டிகேமும் இன்னும் இருக்கிறதா?

காசிமேட்டுக்காரன்

இருக்கு ஐயா. மாமா பீரோல துணி சுத்தி வச்சிருக்காரு. கேமரா பேட்டரி செத்துடுச்சு, அடாப்டர்ல ஆன் ஆகுது. கேசட் உள்ள வெள்ளையா ஏதோ புள்ளி புள்ளியா தெரியுது.

பழைய வண்ணை எடிட்டர்

கேசட்டைக் கேமராவில் போடாதே! அது பூஞ்சையாக இருக்கலாம். கடற்கரைக் காற்றில் பீரோவில் இருந்த கேசட்டுக்கு இது வரும். ஓட்டினால் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் பகுதி) ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும், டேப்பும் கிழியும். புள்ளி இல்லாத கேசட்டைத் தனியாகப் பிரித்து வை. புள்ளி உள்ளதை நான் கையால் துடைத்துப் பார்க்கிறேன், அதற்குப் பழைய கேமரா ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நல்ல கேசட்டையும் எடுத்த உடனே ஓட்டக்கூடாது. ஒரு தடவை கடைசி வரை ஃபார்வர்ட், பிறகு ரீவைண்ட், டேப் தளர்ந்து சீராகச் சுற்றிக்கொள்ளும். பதிவு பண்ணிய அதே கேமராவில் ஓட்டுவதே நல்லது, ஹெட் கோணம் ஒத்துப் போகும். சில இடத்தில் கட்டம் உடைந்து வந்தால் அதே கேசட்டை இன்னொரு தடவை எடுப்போம். இரண்டிலும் நல்ல பிரேமைப் பொறுக்கிச் சேர்க்க டிவிரெஸ்க்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது.

என் பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு வேலை செய்கிறது, வயரும் இருக்கிறது. பணம் எதுவும் வேண்டாம். இடத்தைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், மாமாவையும் கூட்டி வா. எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், ஓடும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

காசிமேட்டுக்காரன்

ஐயா, என்ன சொல்றதுன்னே தெரியல. மாமா கிட்ட சொன்னேன், அவரே வர்றேன்னு சொல்லிட்டாரு. ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெருசு கொண்டு வரணும்?

பழைய வண்ணை எடிட்டர்

60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 13 ஜிபி. ரெண்டு தடவை எடுத்தால் அதைப் போல இரு மடங்கு. டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் பண்ணிக் கொண்டு வா, பழைய ஃபேட்32 முறை என்றால் ஒரு பைல் 4 ஜிபியில் நின்றுவிடும். கேமரா அடாப்டரை மறக்காதே. கேசட் ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள்.